ஐந்து நாள் நடக்க எந்தப் பள்ளத்தாக்கு? மோசெல், ரைன், ஆர்: ஓர் ஒப்பீடு

ஜெர்மனியில் திராட்சைத் தோட்டங்களின் வழியே நான்கைந்து நாட்கள் நடக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் ரைன் நதியைத்தான் முதலில் நினைக்கிறார்கள். கேள்விப்பட்ட பெயர், படங்களில் பார்த்த கோட்டைகள், ஃப்ராங்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேர அளவில் எட்டிவிடக்கூடிய தொலைவு. எல்லாம் நியாயமான காரணங்கள்தாம். ஆனாலும் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் மோசெல் ஆற்றைத்தான் சொல்கிறேன். அதிலும் குறிப்பாக டிராபன்-டிராபாக் ஊரில் தொடங்கி எல்ட்ஸ் கோட்டையில் முடியும் பகுதியை. ரைன் சிலருக்கு இதைவிடப் பொருத்தம். ஆர் பள்ளத்தாக்குக்கு இப்போது போவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. மூன்றையும் எடுத்துவைத்துப் பார்த்தால் யாருக்கு எது என்பது தெளிவாகிவிடும்.

மூன்றும் அக்கம்பக்கத்து இடங்களே. மோசெல் பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து, 544 கிலோமீட்டர் ஓடி, கோப்ளென்ஸ் நகரில் ரைனோடு கலக்கிறது. ஆர் மிகச் சிறிய ஆறு. மொத்தமே 85 கிலோமீட்டர்தான். கோப்ளென்ஸுக்கு வடக்கே, பான் நகரத்துக்குத் தெற்கே அதுவும் ரைனில் விழுகிறது. மூன்று ஆறுகளும் அறுத்துக்கொண்டு போவது ஒரே சிலேட்டுப் பாறை மலையை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி உண்டான பாறை. இவ்வளவு வடக்கே திராட்சை பழுப்பதற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம். பகல் வெயிலை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல மெல்ல விடும். தெற்கு பார்த்த சரிவுகளில் மாலை ஏழு மணிக்குப் பாதையோரச் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்.

பாறை ஒன்றாக இருந்தும் நடை வேறுபடுகிறது. எந்த ஊரில் எந்தக் கோட்டை என்ற கேள்வியைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது மூன்று விஷயங்கள். பாதை உண்மையிலேயே திராட்சைத் தோட்டத்துக்குள் போகிறதா? நடந்து முடித்த இடத்திலிருந்து ரயிலில் திரும்ப முடியுமா? இரவில் தூங்க முடியுமா?

ரைன்: பெயர் பெற்ற ஆறு

பிங்கன், ரூடெஸ்ஹைம் ஊர்களிலிருந்து கோப்ளென்ஸ் வரையிலான 65 கிலோமீட்டர் ரைன் பள்ளத்தாக்கை 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஆற்றின் வலக் கரையில் ரைன்ஷ்டைக் என்ற நடைபாதை. 2005இல் திறந்தது, பான் நகரிலிருந்து வீஸ்பாடன் வரை 320 கிலோமீட்டர். இடக் கரையில் ரைன்பர்கன்வேக் என்ற பாதை, பெயருக்கேற்பக் கோட்டை கோட்டையாகப் போகும். உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் ஐந்து நாள் நடையை எளிதாக அமைத்துக்கொள்ளலாம்.

கௌப் ஊரிலிருந்து சாங்க்ட் கோவர்ஸ்ஹவுசன் வரையிலான ஒரு நாள் நடை ரைன்ஷ்டைக்கின் மகுடம் என்பார்கள், மறுப்பதற்கில்லை. கிளம்பும்போது கீழே ஆற்றின் நடுவே கப்பல் போலத் தெரியும் ஃபால்ஸ்கிராஃபென்ஷ்டைன் சுங்கக் கோட்டை. 1814 புத்தாண்டு இரவில் பிரஷ்யத் தளபதி ப்ளூகர் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு தன் படையோடு ரைனைக் கடந்தது இந்த இடத்தில்தான். முடியும் இடத்தில் 132 மீட்டர் உயரமான லோரலை பாறை. நடுவில் பக்கவாட்டு ஓடை ஒவ்வொன்றுக்கும் இறங்கி ஏற வேண்டும். வரைபடத்தில் தூரம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கங்கள் மதியத்துக்குள் புரிந்துவிடும்.

எனக்கு ரைன் இரண்டாம் இடத்துக்குப் போவதற்கு முதல் காரணம் தோட்டங்கள். நடு ரைன் பகுதியில் இன்று மிஞ்சியிருப்பவை 450 ஹெக்டேரை ஒட்டிய அளவுதான். நூறாண்டுகளுக்கு முன் கொடி படர்ந்திருந்த சரிவுகள் பல இன்று ஓக் மரங்களும் முட்புதரும் மூடிய காடாகிவிட்டன. பாதியளவு நேரம் காட்டுக்குள் நடக்கிறோம். காடு விலகும் இடத்தில் ஆறும் கோட்டையும் காட்சி தருகின்றன. அழகான நடைதான். ஆனால் திராட்சை விளையும் பள்ளத்தாக்கு வழியே நடக்க வேண்டும் என்று வந்தவருக்கு அது குறைவாகவே கிடைக்கும்.

இரண்டாவது காரணம் இரவு. ஐரோப்பாவின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் முதன்மையான சரக்கு ரயில் தடங்களில் ஒன்று இந்தக் குறுகிய பள்ளத்தாக்குக்குள் ஓடுகிறது. இரு கரையிலும் இருப்புப்பாதை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர் என்பதால் சத்தம் வெளியேற இடமில்லாமல் எதிரொலிக்கும். அறை பதிவு செய்யும்போது ஆறு தெரியும் ஜன்னல் வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ரயிலும் தெரியும் ஜன்னலைத்தான் வாங்குகிறார்கள். ரைனில் தங்குவதாக இருந்தால் மேட்டில் உள்ள சிற்றூரிலோ, பக்க ஓடைப் பள்ளத்தாக்கிலோ அறை பாருங்கள்.

கோப்ளென்ஸுக்கும் மைன்ஸ் நகருக்கும் இடையே ரைனுக்குக் குறுக்கே ஒரு பாலம்கூட இல்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். கரை மாற வேண்டுமானால் படகுத்துறையைத் தேட வேண்டும். கௌப், சாங்க்ட் கோவர், பொப்பார்ட் போன்ற ஊர்களில் இருக்கின்றன. மாலையில் கடைசிப் படகு எப்போது என்று காலையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் சொன்ன பிறகு, ரைன்தான் சரி என்று நான் தயங்காமல் சொல்லும் ஒரு கூட்டம் உண்டு: வயதான பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்திருப்பவர்கள், சிறு பிள்ளைகள் உள்ளவர்கள். கால் வலித்தவர் கப்பலில் ஏறிக்கொண்டு அடுத்த ஊரில் காத்திருக்கலாம். நடக்கிறவர் மேலே நடந்து மாலையில் சேர்ந்துகொள்ளலாம். பொப்பார்டில் நாற்காலி லிஃப்டில் ஏறினால் ரைன் பெரிய வளைவாகத் திரும்பும் இடம் காலடியில் விரிகிறது. அதற்கு நடக்கவே வேண்டாம். பிரவுபாக் ஊரின் மார்க்ஸ்பர்க் கோட்டை போரில் இடிபடாமல் இன்றும் முழுதாக நிற்பதால் பிள்ளைகளுக்கு அடுப்படி, ஆயுத அறை, சிறை என்று எல்லாவற்றையும் காட்டலாம். பல தலைமுறைகள் ஒன்றாகப் போகும் பயணத்தை மோசெலில் இப்படி அமைப்பது கடினம்.

ஆர்: சிறியது, சிவந்தது, காயம்பட்டது

ஆர் பள்ளத்தாக்கின் திராட்சைப் பரப்பு சுமார் 550 ஹெக்டேர். ஜெர்மனி வெள்ளை ஒயினுக்குப் பெயர்போன நாடு. அதன் ஒயின் நிலங்களில் வடக்கே உள்ளவற்றுள் ஒன்றான இந்தச் சின்னப் பள்ளத்தாக்கில் விளைவதில் பெரும்பகுதி சிவப்பு. பிரான்சில் பினோ நுவார் என்று அழைக்கப்படும் கொடியை இங்கே ஷ்பேட்பர்குண்டர் என்கிறார்கள். மாய்ஷோஸ் ஊரின் திராட்சை விவசாயிகள் 1868இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இன்றும் நடக்கிறது.

இங்குள்ள பாதையின் பெயர் ரோட்வைன்வாண்டர்வேக். பாட் போடன்டோர்ஃப் முதல் ஆல்டெனார் வரை சுமார் 36 கிலோமீட்டர். சரிவின் இடுப்பளவு உயரத்திலேயே பெரும்பாலும் போவதால் ஏற்ற இறக்கம் குறைவு. வெள்ளைப் பலகையில் வரைந்த சிவப்புத் திராட்சைக் கொத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது. வால்போர்ட்ஸ்ஹைமிலிருந்து ஆல்டெனார் வரையிலான மேல் பகுதிதான் கண்ணுக்கு விருந்து: பாறை முகடுகள், குறுகிய கணவாய், நான்கு கொடி நடக்கூட இடமில்லாத படிகளில் திராட்சை. பாதை நன்று, ஆனால் மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஐந்து நாள் விடுமுறைக்கு இது மட்டும் போதாது.

2021 ஜூலை 14 இரவு இந்த ஆறு பொங்கியது. சில மணி நேரத்தில் பாலங்களையும் வீடுகளையும் இருப்புப்பாதையையும் அடித்துக்கொண்டு போனது. பள்ளத்தாக்கில் 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவில் இருந்த கொடிகளில் பெரும்பாலானவை தப்பின. கீழே ஊருக்குள் இருந்த பாதாள அறைகள், பீப்பாய்கள், இயந்திரங்கள் போயின. சேறு அப்பிய புட்டிகளைக் கழுவாமல் அப்படியே விற்று மீட்பு நிதி திரட்டினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் அறுவடைக்கு ஆள் இல்லாமல் தவித்த தோட்டங்களுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து மக்கள் தாமாக வந்து திராட்சை பறித்தார்கள். நடைபாதை மேலே ஓடுவதால் அதற்குப் பெரிய சேதமில்லை. இன்று அதில் நடக்கும்போது ஒரு பக்கம் பசுமையான கொடிகளும் மறு பக்கம் கீழே புதிதாகக் கட்டிய சுவர்களும், இன்னும் வெறுமையாகக் கிடக்கும் மனைகளும் தெரியும்.

அங்கே போவது சரிதானா என்று தயங்குகிறவர்கள் உண்டு. போக வேண்டும் என்பதே என் கருத்து. விருந்தினரை நம்பி வாழும் பள்ளத்தாக்கு அது. அறை எடுப்பதும் சாப்பிடுவதும் ஒரு புட்டி வாங்குவதும் அங்கே நேரடி உதவி. இடிந்த வீடுகளுக்கு முன் நின்று படம் எடுக்காமல் இருந்தால் போதும். நாள் மிச்சமிருந்தால் ஆர்வைலரில் மலைக்குள் குடைந்த பழைய அரசுப் பதுங்கு அறையையும் பாருங்கள். அணுப் போர் வந்தால் மேற்கு ஜெர்மனியின் அரசு ஒளிந்துகொள்ள 17 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒரு சிறு பகுதி 2008 முதல் அருங்காட்சியகம். பதுங்கு அறைக்கு நேர் மேலே திராட்சை விளைகிறது.

பான், கொலோன் பக்கம் வசிப்பவர்களுக்கு ஒரு வார இறுதிக்கு ஆர்தான் முதல் தேர்வு. மற்றவர்கள் மோசெலுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம்.

மோசெல்: தோட்டத்துக்குள்ளேயே நடை

ட்ரியர் நகரிலிருந்து கோப்ளென்ஸ் வரை பறவை பறந்தால் சுமார் 100 கிலோமீட்டர். மோசெல் அதைப்போல இரு மடங்கு தூரம் ஓடுகிறது. வளைந்து, திரும்பி, வந்த வழியே மீண்டும் போய் அவ்வளவு சுற்று. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கரை செங்குத்தாக வெயிலைப் பார்த்து நிற்கிறது, மறு கரை தாழ்ந்து கிடக்கிறது. செங்குத்தான கரைகளில் எல்லாம் திராட்சை. மோசெல் பகுதியின் மொத்தப் பரப்பு சுமார் 8,500 ஹெக்டேர். நடு ரைனையும் ஆரையும் கூட்டினாலும் இதன் எட்டில் ஒரு பங்கு வராது. ரோமானியர் காலத்திலிருந்து இங்கே இந்தத் தொழில் நடக்கிறது. மோசெல்ஷ்டைக் என்ற நடைபாதை 2014இல் திறந்தது: லக்சம்பர்க், பிரான்ஸ் எல்லையிலுள்ள பெர்ல் முதல் கோப்ளென்ஸ் வரை 365 கிலோமீட்டர், 24 கட்டங்கள்.

இருபத்துநான்கில் எந்த ஐந்து என்பதுதான் உண்மையான முடிவு. நடு மோசெலில் பெர்ன்காஸ்டல் ஊர் புகழ்பெற்றது, விலை உயர்ந்த தோட்டங்களும் அங்கேதான். ஆனால் அங்கே ரயில் கிடையாது. ட்ரியரிலிருந்து வரும் முதன்மை ரயில்பாதை ஆற்றை விட்டு விலகி மேட்டுநிலம் வழியாகப் போய் புல்லாய் ஊரில்தான் மீண்டும் ஆற்றைத் தொடுகிறது. நடுவில் உள்ள ஊர்களுக்குப் பஸ்தான். கூடவே 2019இல் திறந்த ஹோக்மோசெல் பாலம் 158 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கின் குறுக்கே நிற்கிறது. உலகப் புகழ் பெற்ற ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைத் தோட்டங்களுக்கு அருகில் அதைக் கட்டுவதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. நடக்கிறவர் கண்ணிலிருந்து அது நெடுநேரம் மறைவதில்லை. பெர்ன்காஸ்டலை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

புல்லாய்க்குக் கீழே நிலைமையே வேறு. பல ஊர்களில் ரயில் நிலையம், மணிக்கு ஒரு வண்டி. டிராபன்-டிராபாக்குக்கும் புல்லாயிலிருந்து கிளைப் பாதை உண்டு. இங்கே நடப்பதிலுள்ள பெரிய வசதிக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எடிகர்-எல்லர் ஊரிலிருந்து கோக்கெம் வரை ஆறு பெரிய வளையம் போட்டுப் போகிறது. மோசெல்ஷ்டைக்கில் அது இரண்டு நாள் நடை. ரயிலோ 1870களில் மலையைக் குடைந்த 4.2 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் புகுந்து ஐந்தாறு நிமிடத்தில் கோக்கெமில் நிற்கிறது. நாளெல்லாம் ஆற்றோடு நடந்துவிட்டு, மாலையில் சுரங்கம் வழியாகச் சில நிமிடங்களில் உங்கள் அறைக்குத் திரும்பிவிடலாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மாற வேண்டியதில்லை.

ஆனால் மோசெலை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் ரயில் மட்டும் அல்ல. இந்தச் சரிவுகளில் வேலை நடப்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பிரெம் ஊரை ஒட்டி நிற்கும் கால்மோன்ட் சரிவு ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று பெயர் பெற்றது. சில இடங்களில் 65 பாகைக்கும் மேல் சாய்வு. டிராக்டர் ஏறாது. கொடிகளைக் கம்பி வரிசையில் படரவிட்டால் ஆள் குறுக்கே நகர முடியாது என்பதால் கொடிக்கு ஒரு கம்பு நட்டிருக்கிறார்கள். நீண்ட இரண்டு கிளைகளை ஆளுக்கொரு பக்கமாக வளைத்து, நுனியை அதே கம்பின் அடியில் கட்டிவிடுகிறார்கள். இலை விடாத ஏப்ரலில் பார்த்தால் சரிவு முழுக்க இதய வடிவங்கள். இந்தக் கட்டு ஒவ்வொன்றும் கையால் போட்டது. தோட்டத்தின் ஊடே பல்வரிசை வைத்த ஒற்றைத் தண்டவாளம் ஒன்று மேலேறிப் போகும். அதில் சின்ன எஞ்சினும் ஓர் இருக்கையும் பின்னால் ஒரு தட்டு வண்டியும். அறுவடைக் காலத்தில் திராட்சைப் பெட்டிகளோடு அது இறங்கும்போது பிடிமானம் தேடி நாம் பாதையோரம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

அந்தச் சரிவின் நடுவேதான் கால்மோன்ட் ஏறுபாதை. இரும்புக் கயிறு, பாறையில் அடித்த படிகள், சில இடங்களில் ஏணி. மலையேற்றப் பயிற்சி தேவையில்லை. தலைசுற்றல் இல்லாதவர்கள், கணுக்கால் வரை மூடிய நல்ல காலணி அணிந்தவர்கள் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். கீழே ஆறு குதிரை லாடமாகத் திரும்பும் இடத்தில், எதிர்க்கரைப் புல்வெளியில் கூரையில்லாமல் நிற்பது ஷ்டூபன் மடாலயத்தின் தேவாலயம்; 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மடம். மழை பெய்தால் ஏறுபாதை வேண்டாம். ஈரமான சிலேட்டு சோப்புபோல வழுக்கும். கல் விழுந்தால் பாதையை மூடிவிடுவதும் உண்டு. முதல் நாள் தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளோடு வருபவர்களும் உயரத்துக்கு அஞ்சுபவர்களும் மலை முகட்டின் வழியே போகும் பாதையில் போகலாம். ஆற்றிலிருந்து ஏறத்தாழ 290 மீட்டர் உயரத்தில் அதே வளைவு முழுதாகத் தெரியும். காட்சி என்று பார்த்தால் முகடுதான் மேல்.

கொடி இல்லாத துண்டுகளும் இந்தச் சரிவில் இருக்கின்றன; முள்ளும் கொடும்புதரும் மூடிக் கிடக்கும். சமதளத் தோட்டத்தைப் போலப் பல மடங்கு உழைப்பு கேட்கும் நிலம் இது, விலையில் அந்த உழைப்பு திரும்புவதில்லை. தந்தைக்குப் பிறகு எடுத்து நடத்த ஆள் இல்லாமல் போன துண்டுகள் அவை. ஊருக்குள் இறங்கியதும் தோட்டக்காரர் வீட்டிலேயே ஒரு புட்டி வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். குடிக்காதவர்கள் திராட்சைச் சாறு வாங்கலாம். பல வீடுகளில் தங்கள் பழத்தைப் பிழிந்தே அதை விற்கிறார்கள். கடைச் சாறோடு அதை ஒப்பிடவே முடியாது.

ஐந்து நாளை எப்படிப் பிரிப்பது

ஊர் ஊராக அறை மாற்றிக்கொண்டே போவது ஒரு முறை. பெட்டியை அடுத்த விடுதிக்குக் கொண்டு சேர்க்கும் சேவையும் கிடைக்கிறது, காசு கூடும். இன்னொரு முறை கோக்கெமில் ஐந்து இரவும் தங்கி ரயிலில் போய் வருவது. கோக்கெம் அழகான ஊர்தான். 1689இல் பிரெஞ்சுப் படை தகர்த்த கோட்டையை 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் வணிகர் ஒருவர் மீண்டும் கட்டியிருக்கிறார். ஆனால் நடைபாதைகளில் கிடைக்கும் அமைதி அங்கே மாலையில் கிடைக்காது. சுற்றுலாப் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் ஊர். எனக்குப் பிடித்தது இரண்டு தங்குமிடம் என்ற முறை.

முதல் இரண்டு இரவு டிராபன்-டிராபாக். 1900ஐ ஒட்டி ஒயின் வணிகத்தில் கொழித்த ஊர். வணிகர்களின் மாளிகைகளும் அவற்றுக்கடியில் தெருத் தெருவாக ஓடும் பாதாள அறைகளும் இன்றும் இருக்கின்றன. ஒரு நாள் அங்கிருந்து ரைல் ஊருக்கு நடந்து ரயிலில் திரும்பலாம். மறுநாள் ரயிலில் ரைல் போய், அங்கிருந்து பிரின்ஸன்கோஃப் கோபுரம், மரீன்பர்க் வழியாகப் புல்லாய்க்கு இறங்கலாம். இந்த நாளை யாரும் விட்டுவிடக் கூடாது. கோபுரத்தின் மேல் நின்றால் ஒரே ஆறு இடப்பக்கமும் வலப்பக்கமும் தெரியும். நடுவே சில நூறு மீட்டர் அகலமே உள்ள மலை முதுகில் நாம். கீழே பியூண்டரிஷ் ஊருக்கு எதிரே 92 வளைவுகளோடு மலையோரமாகப் போகும் ரயில் மேம்பாலம். இறங்கிப் புல்லாய்க்குப் போகும்போது கடக்கும் பாலம் 1878இல் கட்டிய இரண்டு அடுக்குப் பாலம். மேலே ரயில், கீழே சாலை.

பிறகு எடிகர்-எல்லர். ஆற்றோரம் மரச்சட்ட வீடுகள், இரைச்சலில்லாத ஊர், ரயில் நிலையமும் உண்டு. இங்கிருந்து ஒரு நாள் ரயிலில் நேஃப் போய் கால்மோன்ட் வழியாக நடந்தே திரும்புவது. அடுத்த நாள் பைல்ஷ்டைன் வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் கோக்கெம், பிறகு சுரங்கம் வழியாக எல்லர். பைல்ஷ்டைன் மிகச் சிறிய ஊர். படிக்கட்டுத் தெருக்கள், மேலே மெட்டர்னிஷ் கோட்டையின் இடிபாடு. மதியம் கூட்டம் நிறையும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. கால் நன்றாக இருக்கிறவர்கள் அன்றே கோக்கெம் வரை நடக்கலாம், ஆனால் நாள் முழுதும் ஓடிவிடும்.

கடைசி நாள் மூட்டையோடு ட்ரைஸ்-கார்டன் போய், நிலையத்துக்கு அருகில் எங்காவது பையை ஒப்படைக்க இடம் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, எல்ட்ஸ் கோட்டை வழியாக மோசெல்கெர்ன் வரை 13 கிலோமீட்டர். ஆற்றை விட்டு விலகிக் காட்டு ஓடைக்குள் போவதால் கோட்டை திடீரென்றுதான் தெரியும். 800 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில், ஒருமுறையும் இடிபடாமல் நிற்கும் கோட்டை. பழைய 500 மார்க் நோட்டில் இருந்தது இதன் படம்தான். உள்ளே போக வேண்டுமானால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே. மோசெல்கெர்னிலிருந்து ரயிலில் கோப்ளென்ஸ்.

எந்த மாதம், என்ன செலவு, என்ன சாப்பாடு

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். கல் சூடு ஏறி, நிழலே இல்லாத சரிவில் நடப்பது தண்டனை. ஏப்ரலில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் தோட்டத்துப் பீச் மரங்கள் கோக்கெம் பக்கத்தின் தனி அழகு. கொடி இன்னும் துளிர் விடும் நிலையில் இருக்கும். மே, ஜூன் நடப்பதற்கு மிக இதமான மாதங்கள், பகலும் நீளம். ஆனால் ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடு வரை போங்கள். அறுவடை நடக்கும், இலைகள் மஞ்சளாகும், காலை மூடுபனி பத்து மணிக்கு விலகும். அறை கிடைப்பது அந்த நாட்களில் கடினம். வார இறுதியில் ஓர் இரவுக்கு மட்டும் தர மாட்டார்கள். ஞாயிறு தொடங்கி வியாழன் வரை நடந்தால் இரண்டு சிக்கலும் தீரும். பழுத்த நாட்களில் சில தோட்டப் பாதைகளை மூடிவைப்பார்கள். பலகை இருந்தால் சுற்றிப் போக வேண்டும். திராட்சை பறித்துச் சாப்பிடுவது திருட்டாகவே கருதப்படும்.

பயணச் செலவைக் குறைக்க டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒன்றே போதும். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. வட்டார ரயில், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். அதிவேக ரயிலிலும் சுற்றுலாக் கப்பலிலும் செல்லாது. மாதச் சந்தா என்பதால் ஒரு மாதம் மட்டும் வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்குச் சிறந்த இடம் ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட்: தோட்டக்காரர் தன் வீட்டு முற்றத்திலோ கொட்டகையிலோ ஆண்டுக்கு நான்கு மாதம் வரை மட்டும் நடத்தும் சிறு உணவகம். சொந்த ஒயினும் எளிய உணவும். பலவற்றில் அட்டை வாங்க மாட்டார்கள், ரொக்கம் வைத்திருங்கள். சைவ உணவு கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் எங்கும் கிடைக்கும் வெங்காயக் கேக்கிலும் ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய ரொட்டியிலும் உருளைக்கிழங்குப் பலகாரங்களிலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகளைப் போடுவது வழக்கம். 'ஓனே ஷ்பெக்' என்று சொன்னால் ஃப்ளாம்குகனை அது இல்லாமல் சுட்டுத் தருவார்கள். கேக்கை முன்பே செய்து வைத்திருப்பதால் மாற்ற முடியாது. சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸ் பெரும்பாலும் கிடைக்கும். சிற்றூர்களில் சமையலறை இரவு எட்டு மணி வாக்கில் மூடும். திங்களும் செவ்வாயும் விடுமுறை விடும் உணவகங்கள் நிறைய. ஞாயிறன்று கடைகளே திறக்காது. ஞாயிறு நடையைத் தொடங்குகிறவர்கள் சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் தண்ணீரும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நபருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கால்மோன்ட் நாளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.